ஞானம்மை டீச்சர் அழித்த வரி

மூத்த பேரன் பாங்குப் பரீட்சையில் தேறிவிட்டான். அவன் தங்கை நர்சுப் படிப்பில் வகுப்பிலேயே முதல். கடைக்குட்டி, மூன்றாம் வகுப்புதான், கட்டுரைப் போட்டியில் எவர்சில்வர் தட்டு வாங்கி வந்திருக்கிறாள்! இத்தனையையும் ஞானம்மை டீச்சருக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மகன் அனுப்பிய தந்தி வந்தது. டீச்சர் போய்விட்டார்.

அவரிடம் படித்த உங்களுக்கெல்லாம் அவர் பெரிய தலைமையாசிரியை. எனக்கு, முப்பதுகளில் ராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் சின்னப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த பத்தொன்பது வயதுப் பெண். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவே என் கடைசி வகுப்பும்.

அதுவரை எழுத்து என்றால் பலகையைப் பார்த்து எழுதுவதுதான். அவர் வந்த முதல் வாரமே, "வீட்டுல உள்ளத ஒரு கடுதாசியா எழுதுங்க மக்கா" என்றார். கொழும்பிலிருந்த மாமாவுக்குச் சிலேட்டில் எழுதினேன். ஊரில் எல்லாக் கடிதமும் தொடங்குகிறபடி, ‘இவ்விடம் யாவரும் சுகம்’ என்று.

"ஏட்டி செல்லம், ஒனக்க அம்மைக்குக் காய்ச்சலுன்னு காலத்தே சொன்னியே?"

"ஆமா டீச்சர்."

"எருமையும் செத்துப்போச்சுல்லா?"

"ஆமா டீச்சர்."

"பின்னே யாருக்குட்டி சுகம்?"

"கடுதாசியில அப்படித்தான் டீச்சர் போடணும்!"

சிரித்துக்கொண்டே தன் முந்தானையால் அந்த வரியை அழித்தார். "உள்ளத எழுதுட்டி. வாசிக்கவனுக்கு ஒன்னக் காணணும்."

ஒரு மாதம் கழித்து அவருக்குப் பரீட்சை. அதிகாரி ஒருவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் டீச்சருக்குச் சர்டிபிகேட் கிடையாது. அன்றும் கடிதம்தான். அதிகாரி என் சிலேட்டைத்தானா எடுக்க வேண்டும்! உரக்க வாசித்தார்:

‘மாமா, அம்மைக்குச் சுகமாயிற்று. டீச்சருக்குச் சுகமில்லை. கை நடுங்குகிறது. காலையில் கஞ்சி குடிக்கவில்லை. பின்னால் ஒரு சார் மீசையைத் தடவிக்கொண்டு இருக்கிறார். அவரைக் கண்டு பயம்.’

டீச்சர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இப்படி எழுத யார் சொல்லித் தந்தது?"

"டீச்சர்தான் சார். உள்ளத எழுதச் சொன்னாங்க."

அவர் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு சிரித்தார் பாருங்கள், கூரை ஓடெல்லாம் அதிரும்படி! "நீங்க போய்க் கஞ்சி குடிங்கம்மா. பாசாயாச்சு."

பிறகு நேரில் பார்க்காமலே வாழ்நாள் முழுக்க நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டோம். ஒரு தடவைகூட ‘யாவரும் சுகம்’ என்று தொடங்கியதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்: உள்ளதை எழுதுகிற தைரியம். பாதியில் நின்ற கடிதத்தின் தலைப்பில் இன்று எழுதிவிட்டேன், ‘இவ்விடம் சுகமில்லை டீச்சர்’ என்று.

ஒரே ஒரு குறை. என்னிடமுள்ள படத்தில் அவருக்கு இன்னும் பத்தொன்பது வயதுதான். நரைத்த தலையோடு அவர் சிரிக்கிற புதுப் படம் யாரிடமாவது இருந்தால், ஒன்றைத் தபாலில் போடுங்கள். இத்தனை வருடம் அவரை வாசித்தவள் நான். எனக்கு அவரைக் காண வேண்டும்.