எட்டு இருபதுக்கு வரும் போன்

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் காலியில் காலை எட்டு இருபதுக்குப் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே "அமராவதி அக்கா" என்று சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தை இங்கே எல்லாரும் 'தஸ்கா' என்பார்கள். அக்காவின் தஸ்கா, வரிசை வீடுகளின் கடைசியில் இருக்கும் மூலை வீடு. பிள்ளைகள் எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். வராத பிள்ளை எங்கே என்று எட்டு இருபதுக்குப் போன் போடுவார். அப்பா எடுக்கவில்லையா, அம்மா. அம்மாவும் இல்லையா, மாமா, சித்தி, வேலையிடம். பிள்ளை இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒருவர் தெளிவாகச் சொல்லும்வரை விடமாட்டார்.

நானும் என் மகனை அங்கேதான் விட்டேன். அவன் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு காலையில் இந்தப் போன் வந்தது. எரிந்து விழுந்தேன். "வரலன்னா வரலன்னுதானே அர்த்தம், இதுக்கு ஒரு போனாக்கா?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும்லா. சரி, காய்ச்சல் எவ்வளவு?" என்று கேட்டார்.

அமராவதி கெர்லிங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவர். கால் நரம்பு புடைத்து டாக்டர் எச்சரித்த பிறகுதான் பிள்ளை பார்க்கும் படிப்புக்குப் போனார். சமூக நலத்துறையில் பதிவு செய்து, முதலுதவிச் சான்றிதழும் வாங்கினார். அந்தப் படிப்பில் ஒரு நாள், காருக்குள் மறந்து விடப்பட்டு இறந்த குழந்தைகளைப் பற்றிய செய்திகளை வகுப்பில் காட்டினார்களாம். எல்லாம் நல்ல பெற்றோர். வேலை அவசரம், மாறிப்போன வழக்கம், பின்சீட்டில் தூங்கிப்போன பிள்ளை. மற்றவர்கள் பெற்றோரைத் திட்டினார்கள். அமராவதிக்கு வேறொன்று தோன்றியது. அந்தப் பிள்ளைக்காக அங்கே ஒரு தஸ்காவோ பள்ளியோ காத்திருந்திருக்கும். அங்கிருந்து ஒருவர் போன் போட்டிருந்தால்? அன்றைக்கே எட்டு இருபது என்று முடிவு செய்துவிட்டார்.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று நடந்ததை அக்காவும், அவரோடு வேலை செய்யும் கலாவதியும், செரண்டா ரயில் நிலையக் காவலாளி நாராயணசாமியும் ஆளுக்கொரு பக்கமாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு ஏழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். விஷாலினி வரவில்லை. பதினாறு மாதக் குழந்தை. தினமும் அவளை அம்மா ரூபினிதான் கொண்டுவந்து விடுவாள். அன்று ரூபினிக்குக் கோலா சிலாங்கூரில் அலுவலகப் பயிற்சி. விடியுமுன்பே தோழியின் காரில் கிளம்பிவிட்டாள். அப்பா பவனேஷ் கொண்டுவந்து விடுவார் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

எட்டு இருபது. பவனேஷுக்குப் போன் போனது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அவர் வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலையில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அமராவதி ரூபினியைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தாள், மெல்லிய குரலில்.

"அக்கா, கிளாஸ்ல இருக்கேன். என்னக்கா?"

"விஷா இன்னும் வரலம்மா. வீட்டுலயா இருக்கா?"

"இல்லியே! அவரு விட்டுட்டாரேக்கா. ஏழரைக்கே ட்ரெயின் ஏறிட்டேன்னு மெசேஜ் போட்டாரு."

"இங்க வரலம்மா."

 மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம்.

"ரூபினி, அழாம சொல்லு. காரை எங்க போடுவாரு?"

"ஸ்டேஷன்லக்கா! பத்தாங் காலி ஸ்டேஷன்ல!"

அமராவதி ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டார். ஆனால் வாசலில் நின்றார். ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளில் ஐந்து பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. உள்ளே ஏழு பேர். கலாவதி ஒருத்தி. "நீங்க போங்கக்கா, நா பாத்துக்கறேன்!" என்று கலாவதி கத்தினாள். அமராவதியோ எதிர்வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கினார். பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்கு ஆள் தேவைப்படும்போது வந்துபோகும் பிரேமலா அங்கே இருந்தாள். தலையில் துண்டோடு, கைலியோடு, ஈரக்காலோடு ஓடிவந்தாள். முழுதாக ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. "ஆனா அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்துச்சு" என்பார் அக்கா. "அங்க ஒண்ணைக் காப்பாத்தப் போயி இங்க ஒண்ணு தண்ணித் தொட்டியில விழுந்தா?"

மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு கிளம்பியது. பத்தாங் காலி நிலையத்தின் கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. பவனேஷின் கார் வெள்ளி நிற மைவி. கார் எண்ணைத் தஸ்காவின் பதிவுப் படிவத்திலிருந்து கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வரிசை வரிசையாக ஓடினார். வெள்ளை, சிவப்பு, நீலம். வெள்ளி நிறத்தில் நான்கு. நான்கும் வேறு ஆள் கார்கள்.

நின்று, அவசர உதவிக்கு 999-ஐக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரூபினியின் போன் குறுக்கே வந்தது. "அக்கா! அங்க எடம் இல்லன்னா செரண்டாவுக்குப் போயிருவாரு! செரண்டாவா இருக்கும்!"

"செரண்டா, அண்ணே! செரண்டா ஸ்டேஷன்!" என்று 999-இல் இருந்தவரிடம் மலாயில் கத்திவிட்டு, போனைப் பைக்குள் போட்டார்.

பழைய பெரிய சாலையில் பத்து கிலோமீட்டர். முன்னால் மண் ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சாலையில் இரட்டைக் கோடு. எதிரே தொடர்ச்சியாக வண்டிகள். அமராவதியின் வலது கை துடித்தது. ஆனாலும் முந்தவில்லை. "நா போயி லோரிக்கு அடியில விழுந்தா, பிள்ளை காருக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியும்?" கோடு உடைந்த இடத்தில் ஒரே வீச்சில் லோரியைத் தாண்டினார். வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. இதே வெயில்தானே அந்தக் கார்மேலும் விழும் என்று நினைத்தார்.

செரண்டா நிலையத்துக்குள் அவர் நுழைந்த வேகத்தைப் பார்த்து நாராயணசாமி காவல் கூண்டிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"ஐயா, வெள்ளிக் கலர் மைவி! உள்ள பிள்ளை இருக்கு!"

"பிள்ளையா? இங்க எல்லாமே மைவிதாம்மா!" என்றவர், அடுத்த நொடியே ஒரு பக்கமாக ஓடினார். அமராவதி மறுபக்கம். கடைசி வரிசை, வேலியோரம் ஒரு மரம். காலையில் நிழலாக இருந்திருக்கும்; இப்போது பாதிக் காரின்மேல் வெயில். அவர் கையில் எழுதியிருந்த எண் அந்தக் காரில் இருந்தது.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். பின்சீட்டில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை. வார்ப்பட்டை ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. பூப்போட்ட சட்டை. நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. முகம் தக்காளியாகச் சிவந்து, வாய் திறந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள் விஷாலினி. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"உசுரோட இருக்கா! ஐயா, உசுரோட இருக்கா!"

கதவுகள் பூட்டியிருந்தன. ஹெல்மெட்டால் ஓங்கி அடித்தார். கண்ணாடி அசையவில்லை. நாராயணசாமி தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் தயங்கினார். "அடுத்தவன் காரும்மா. நா ஒடச்சா எம்மேல கேஸ் வருமே."

"எம்மேல போடச் சொல்லுங்க!" என்று அதைப் பிடுங்கினார் அமராவதி. பிள்ளை இருக்கும் பக்கம் வேண்டாம். முன்பக்க இடது ஜன்னல். கண்ணாடியின் நடுவில் அடித்தால் தாங்கும், மூலையில் அடித்தால் உடையும் என்று பயிற்சியில் கேட்டது ஞாபகம் வந்தது. ஒரு அடி. இரண்டு. மூன்றாவது அடியில் கண்ணாடி முழுவதும் மழைபோலக் கொட்டியது. உள்ளிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் அனல் வந்தது. கையை விட்டுப் பூட்டைத் திறந்தார், பின்கதவைத் திறந்தார், வார்ப்பட்டையைக் கழற்றினார். விஷாலினி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மரத்தடி நிழலுக்கு ஓடி, சட்டையைக் கழற்றி, நாராயணசாமியின் தண்ணீர் போத்தலால் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் துடைத்தார்கள். ரயிலுக்கு நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மலாய்ப் பெண் சின்ன மின்விசிறியை நீட்டினாள். ஒரு சீனப் பெரியவர் குடையைப் பிடித்தார். இரண்டு மூன்று வாய்த் தண்ணீர் இறங்கியதும் விஷாலினிக்குக் குரல் திரும்பியது. நிலையமே அதிரும்படி வீறிட்டாள். அமராவதி சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

"அழு! நல்லா அழு என் கண்ணு! இன்னும் சத்தமா அழு!"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்களாம். அப்போது மணி எட்டு ஐம்பத்தேழு. போலீஸ் காரும் ஆம்புலன்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பவனேஷ் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தலையில் வேலைத் தொப்பி அப்படியே இருந்தது. தொழிற்சாலைக்குச் செய்தி போனதும் மேற்பார்வையாளர் அவரை இழுத்துவந்து வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். டாக்டர், "பயமில்லை, உடலில் நீர் குறைந்திருக்கிறது, ஒருநாள் வைத்துப் பார்ப்போம்" என்று சொன்னார். பவனேஷ் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நா விட்டுட்டேன்னே நெனச்சேன். சத்தியமா. அவ தூங்கிட்டா. அவ பேக்கும் முன்சீட்டுல இல்ல, கண்ணுல படல. கையில சாவி, மனசுல ட்ரெயின்…"

பிற்பகலில் ரூபினியின் தாய்மாமன் அப்பளசாமி வந்தார். அமராவதியைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆவலியேம்மா. போலீஸ்ல அவங்க கேக்கறத சொல்லுங்க. நலத்துறைக்கு நீங்களா எழுத வேணாம்லா. அவன் நல்ல பையன்."

அமராவதி அவரை நேராகப் பார்த்தார். "நல்ல பையன்தான் மாமா. அதையும் எழுதுவேன். ஆனா எழுதாம இருக்க முடியாது. பிள்ளை பாக்கறவங்க, கவனக்குறைவால பிள்ளைக்குத் தீங்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா, நலத்துறைக்குச் சொல்லியே ஆகணும். சொல்லாம மறைச்சா அதுவே குத்தம். குழந்தைகள் சட்டம் அப்படித்தான் இருக்கு."

"ஒங்களுக்கு என்ன வரப்போவுது?"

"எனக்கு இல்ல மாமா. நாளைக்கு வேற ஒருத்தர் மாமா வந்து இப்படிக் கேப்பாரு. அப்ப அந்தப் பிள்ளை மேல காயம் இருந்தா?"

அன்று மாலையே எழுதினார். நடந்த நேரங்கள் எல்லாம் நிமிடத்தோடு. கூடவே இன்னும் சில வரிகள்: எட்டு மாதமாக இந்தப் பிள்ளை என்னிடம் வருகிறது, ஒருநாளும் உடம்பில் காயம் பார்த்ததில்லை, சட்டப்படி குழந்தை இருக்கை பொருத்தி, பட்டை சரியாகப் போட்டிருந்தார்கள், அன்று மட்டும் வழக்கம் மாறியது.

ரூபினி ஒரு மாதம் பேசவில்லை. பிள்ளையைத் தன் அக்காள் வீட்டில் விட்டாள். நலத்துறை அதிகாரி வீட்டுக்கு இரண்டுமுறை வந்தார். பவனேஷ் நீதிமன்றத்தில் நின்றார். பிள்ளையைத் தகுந்த கண்காணிப்பில்லாமல் விட்டது குற்றம் என்பதை ஒப்புக்கொண்டார். அமராவதியின் அறிக்கையை நீதிபதி முழுவதும் வாசித்தாராம். சிறை இல்லை. நன்னடத்தைப் பிணையும், நலத்துறை சொல்லும் இடத்தில் சமூக சேவையும். அன்று சாயங்காலம் தஸ்கா வாசலில் கார் வந்து நின்றது. ரூபினி இறங்கினாள். கையில் விஷாலினி.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கொண்டாரவாக்கா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அமராவதி குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிக் கூவினார்: "கலா! நம்ம ரவுடி வந்துட்டா!"

அடுத்தது பவனேஷின் யோசனை. போன் பெட்டியில் பூட்டியிருப்பதால் எந்தத் தஸ்கா கூப்பிட்டாலும் அப்பன்மார் எடுக்கமுடியாது என்று அவர் தொழிற்சாலை மேலாளரிடம் போய் நின்றார். மேலாளர் கேட்ட உடனே ஒப்புக்கொண்டார். மே மாதம் ஒரு நாள், காலை வேலை தொடங்குமுன் உணவுக்கூடத்தில் இருநூறு பேரைக் கூட்டினார்கள். அமராவதியையும் வரச்சொன்னார்கள். அவர் ஆரஞ்சுச் சேலை கட்டிக்கொண்டு, நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனார். பையிலிருந்து எடுத்தபோது தாள்கள் வரிசை மாறிவிட்டன. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு முன்னால பவனேஷ் பேசுவாரு. அவருக்குத்தான் பேசறது கஷ்டம்" என்றார்.

பவனேஷ் மைக்கைப் பிடித்தார். "நா என் மகள காருல மறந்துட்டேன்" என்று தொடங்கினார்.  தமிழிலும் மலாயிலும் மாறி மாறி எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு நடக்காது என்று தானும் நினைத்ததைச் சொன்னார். இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்பதற்காக, இப்போது இடது கால் செருப்பைப் பின்சீட்டில் பிள்ளையின் பக்கத்தில் போட்டுவிட்டு ஓட்டுவதைச் சொன்னபோது முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் மேலாளர், அலுவலகத்தில் இனி ஒரு தொலைபேசி இதற்கென்றே இருக்கும், தஸ்காவோ பள்ளியோ கூப்பிட்டால் ஆளை வேலையிலிருந்து உடனே அழைத்து வருவோம், சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று அறிவித்தார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேசைக்கு வரலாம் என்றார்.

ஒரே நேரத்தில் நாற்காலிகள் இழுபட்டன. தமிழர், மலாய்க்காரர், நேப்பாளிகள்கூட, நீல உடுப்புகளில் முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை பெயர், தஸ்கா பெயர், எண். அமராவதி எழுத, பவனேஷ் பெயர்களைக் கேட்டு உரக்கச் சொன்னார். வேலை தொடங்கும் மணி அடித்தது. யாரும் நகரவில்லை. மேலாளர் வரிசையைப் பார்த்தார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இயந்திரங்களைப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போடச் சொல்லி ஆள் அனுப்பினார்.