ஜெர்மனில் நான் சொல்லாத வசனம்

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த மகள், பிரெஞ்சுப் புரட்சியின் பிரகடனத்தை ஜெர்மனில் உரத்து வாசித்தாள்: மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள்.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து கெல்சென்கிர்ச்சன் நகரில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அகதி விண்ணப்பத்துக்கு அதிகாரியைச் சந்திக்கும் நாள் குறித்து டெர்மின் வந்தபோது, மொழிபெயர்க்கவென்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூட்டிப்போனார். உணவகத்தில் உரித்த வெங்காயத்தின் நாற்றம் அவர் விரல்களை விட்டுப் போகவில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தானை மட்டும் இறுக்கிப் பூட்டியிருந்தார்.

ஏன் நாட்டைவிட்டு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டதும் அப்பா எழுந்து நின்றார். "பிரெஞ்சுச் சனம் ராசாவிட்டை கேட்டதைத்தான் நாங்களும் கேட்டனாங்கள். மனுசர் எல்லாரும் சமனாப் பிறந்தவை. சொல்லு பிள்ளை."

மேடையில் பேசுவதுபோல் அவர் கையை ஆட்டியது எனக்கு வெட்கமாக இருந்தது. "அங்கே சண்டை, அவருக்குப் பயம்" என்று மட்டும் ஜெர்மனில் சொன்னேன்.

வெளியே வந்ததும் கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் சொன்னனியோ?"

"ஓம் அப்பா."

சாகும்வரை, தன் நியாயத்தை மகள்தான் எடுத்துச் சொன்னாள் என்று வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் பெருமைப்பட்டார்.

என் மகள் அந்த வசனத்தைத் திரும்பவும் வாசித்தாள். அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. பதினொரு வயதில் அத்தனையும் எனக்குத் தெரியும்.