முதல் முடிச்சு அவனுடையது

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ராஜபாளையம் பின்னால் போய்விட்டது. கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். அதைக் கட்டியிருந்த மஞ்சள் கயிறு வியர்வையில் நனைந்து விரலையெல்லாம் மஞ்சளாக்கியது. என் சேக்காளியின் மனைவி அன்று காலை தாலிக்குப் புதுக்கயிறு மாற்றியபோது மிஞ்சிய துண்டு அது.

அவர்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதைப் போல ஒரு கயிறு என் கழுத்தில் கிடந்தது. மூவரும் அப்போது ஒரு பருத்தி ஆலையில் வேலை பார்த்தோம். அவனுக்கு விரல்கள் சூம்பத் தொடங்கியிருந்தன. அவன் அப்பாவுக்கும் விரலில்தான் தொடங்கியது; பிறகு கை, கால், கடைசியில் கட்டில். அவளிடம் எல்லாம் சொல்லி, வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தான். "ஒங்கப்பாவப் பாத்துத்தான இந்தத் தெருவுல வளந்தேன்" என்றாளாம். அவள் தாய்மாமன் மட்டும் பிடிவாதமாக நின்றார். முதல் முடிச்சை மாப்பிள்ளைதான் போடவேண்டும். மற்ற இரண்டை வழக்கப்படி அவன் அக்கா போடலாம். முதல் முடிச்சுக்கே கை வரவில்லையென்றால் பெண்ணை மணையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். அதனால் சாயங்காலம்தோறும் நான் மணப்பெண்ணாகக் குனிந்து உட்கார்ந்தேன். "ஏலே, கொஞ்சம் வெக்கப்படு" என்பான். ஒருநாளும் முடிச்சு நிற்கவில்லை.

கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கி, ஓய்ந்து, மறுபடி முழங்கியது. கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. மாமன் எழுந்துவிட்டார். அக்கா மெல்லக் கையை நீட்டினாள்.

"விடுங்க மதினி. அவியளே போடட்டும்" என்றாள் மணப்பெண், குனிந்த தலை நிமிராமல். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவன் குனிந்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு நுனியை இரண்டு கையாலும் இழுத்தான். "மாப்ளைக்கு அம்புட்டுப் பசியா" என்று ஒருத்தி கேட்க, பந்தலே சிரித்தது. முடிச்சு நின்றது. மாமன் உட்கார்ந்தார்.

எந்த வேலையிலும் நிலைக்காமல் பல வருஷம் ஊர் ஊராய்த் திரிந்துவிட்டு, அன்று காலைதான் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் கட்டிலில் கிடந்தான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, கிண்டல் குறையவில்லை. "ஏட்டி, என் மூத்த பொண்டாட்டி வந்திருக்கா பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தான். அவள் குளித்துவிட்டுப் புதுக்கயிற்றோடு வந்து, கட்டிலருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு நுனியை அவன் வாயில் கொடுத்தாள்.

"கடிச்சிக்கிட்டியளா?"

"ம்."

மறு நுனியை அவள் வளைத்து இழுத்தாள். முடிச்சு இறுகிய பிறகே அவன் வாயைத் திறந்தான். மற்ற இரண்டையும் அவளே போட்டுக்கொண்டாள். தாடை இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று மூவரும் பேசவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு வாய் கட்டும் வேலை கிடைத்தது. விரலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. முதல் மூட்டைக்கே, என்னை அறியாமல், சணலின் நுனியைப் பல்லில் கடித்துவிட்டேன். உதடு வத்தல் காரத்தில் எரிந்தது.

"ஏலே, ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு?" என்றார் மேஸ்திரி.

"ம்" என்றேன். முடிச்சு இறுகும்வரை வாயைத் திறக்கவில்லை.