ஐசாவின் தொப்பி

ஸ்காட்லாந்தில் எங்கள் டண்டீ ஊரில் சணல் ஆலைச் சங்கு ஊதினால் தெருவில் இரண்டு வரிசை போகும். தறிக்காரிகள் தொப்பியும் கையுறையுமாய் ஒரு பக்கம். நூற்கிறவர்களான நாங்கள் வெறுந்தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு மறுபக்கம். என்னமோ அவர்கள் அரண்மனைக்கு விருந்துக்குப் போகிற மாதிரி! எல்லார் நெஞ்சுக்குள்ளும் போவது ஒரே சணல் தூசிதான்.

ஐசா தறிக்காரி. அவள் தங்கை நெட்டா என்னோடு நூற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் சூப் குடிக்கிறவர்கள்தான். தெருவில் நெட்டா எதிரே வந்தால் மட்டும் ஐசா கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாள்.

"தலைவலியா இருக்கும். கவனிச்சிருக்க மாட்டா" என்பாள் நெட்டா.

வருஷக்கணக்காகவா தலைவலி? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் பெண்கள் சம்பாதிப்போம். பாதி ஆம்பிளைகள் வேலையில்லாமல் வீட்டில் டீக் கெட்டிலைப் பார்த்துக்கொள்வார்கள். ஐசாவின் புருஷனும் அப்படித்தான். அதனால் அவளுடைய தறிக்கூடத்தை மூடியதும் அந்த வீட்டு அடுப்பு அணைய இருந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் நூற்புக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். தலையில் அதே தொப்பி!

அந்த இரைச்சலில் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பி வாயை அசைத்தார்: "இவளுக்கு வேலை பழக்க ஒருத்தி பொறுப்பு ஏத்துக்கணும். இல்லேன்னா நடையைக் கட்டட்டும். யாருக்காவது இவளைத் தெரியுமா?"

ஒருத்தியும் அசையவில்லை. நானும்தான், நன்றாகப் படட்டும் என்றிருந்தது.

நெட்டா வாயசைத்தாள்: "எனக்குத் தெரியும். தெருவுலதான் அவளுக்கு என்னைத் தெரியாது."

கூடமே சிரித்தது. ஐசாவுக்கும் உதடு படிக்கத் தெரியும். முகம் வெந்துபோயிற்று.

"என் அக்கா. நானே பழக்குறேன்" என்று முடித்துவிட்டு நெட்டா இயந்திரத்துக்குத் திரும்பினாள்.

ஐசா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

சாயங்காலம் சங்கு ஊதியது. நெட்டா வழக்கம்போல எங்கள் பக்கம் வந்துவிட்டாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஐசா பின்னாலேயே வந்தாள்.

"போட்டுக்கோக்கா. எதிர்ல உங்க ஆளுங்க வர்றாங்க" என்றாள் நெட்டா.

ஐசா போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ தங்கையின் கையைப் பிடித்துத் தறிக்காரிகள் பக்கத்துக்கே இழுத்துப்போனாள்.

"நவுருங்கடி! என் தங்கச்சி வர்றா!"

ஆலைக்காரிக்கு மெல்லப் பேச வராது. தெருக்கோடி வரை கேட்டது. நெட்டா அழுதேவிட்டாள். அழுதுகொண்டே கடைக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.