கூரைத் தீயில் தங்கம் உருகுமா?

தேவாரம் என்ற ஊரில் பழைய அலுமினியப் பாத்திரங்களை வாங்கி, உருக்கிக் கட்டியாக வார்த்து விற்கிறாள் பாண்டீஸ்வரி. உலையில் கனலும் சிரட்டைக்கரியின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அலுமினியம் உருக அறுநூற்று அறுபது டிகிரி, தங்கத்துக்கு ஆயிரத்தை ஒட்டி, இரும்புக்கு ஆயிரத்து ஐந்நூறு. இருபது வருஷமாக நெருப்போடு மல்லுக்கட்டுகிறவள், லேசுப்பட்ட ஆளா? நெருப்பைப் பற்றி அவள் ஒன்று சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. வம்பும் அதனால்தான் வந்தது.

கஸ்தூரியம்மாளின் கூரைவீடு தீப்பிடித்தபோது உள்ளே பாய்ந்து கேஸ் சிலிண்டரை வெளியே உருட்டி வந்தவன் பக்கத்து வீட்டு வேல்பாண்டி. இரண்டு கையும் வெந்துபோயின. தீ அணைந்தபின் வீட்டிலிருந்த மூன்று பவுன் சங்கிலியைக் காணோம். சாம்பலைச் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. சங்கிலி தீயில் உருகிப்போயிருக்குமா என்று ஊரார் பாண்டீஸ்வரியிடம் வந்து கேட்டார்கள்.

"கூரத் தீயில தங்கம் உருகாது" என்றாள் அவள்.

உருகவில்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். உள்ளே போனவன் வேல்பாண்டி ஒருவன்தான். அன்றிலிருந்து அவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாம் நாள் கஸ்தூரியம்மாள் எரிந்த சாமான்களைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட வந்தாள். அதில் உருக்குலைந்த அலுமினியக் கட்டி ஒன்று. பாண்டீஸ்வரி அதைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். இத்தனூண்டு அலுமினியம் இவ்வளவு கனக்காது.

"சங்கிலிய எங்கன வச்சிருந்தீக?"

"தூக்குவாளியில, அரிசிக்குள்ள."

வாளி அலுமினியம். அது உருகிக் குழம்பாகிவிட்டால் அதற்குள் கிடக்கும் தங்கம் தான் உருகும் சூடு வரும்வரை காத்திருக்காது, வெந்நீரில் வெல்லம் போலக் கரைந்துவிடும். செம்புக் கம்பி அப்படிக் கரைவதை எத்தனை தடவை பார்த்தவள்! சங்கிலி எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரம்பத்தால் அறுத்தாள். வெட்டிய இடத்தில், அலுமினியத்தில் தங்கம் கலந்தால் வரும் கத்தரிப்பூ நிறம் ஓடியிருந்தது, ஓரத்தில் கரையாத இரண்டு கண்ணிகள்.

வேறொருத்தியாக இருந்தால் கட்டியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். பாண்டீஸ்வரி பட்டப்பகலில் அதைத் தூக்கிக்கொண்டு வேல்பாண்டி வாசலுக்குப் போனாள். தெருவே கூடியது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "தப்பு என்னோடது. விசாரிக்காம வாய விட்டுட்டேன்."

வேல்பாண்டி கட்டுப்போட்ட கைகளோடு வெளியே வந்தான். அவன் குரலில் கோபமே இல்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நானே என் சட்டைப் பையத் தடவிப் பாத்தேன்க்கா."

அதுவரை தைரியமாக நின்ற பாண்டீஸ்வரி அவன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.