கப்பல்காரன் வந்த பக்கம்

போன செவ்வாய்க்கிழமை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சூலக்கரை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு. அது என்றைக்கு முடியப் போகிறது... அதை விடுங்கள்.

பக்கத்துப் புத்தகக் கடையில் ஒரு மனிதர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா, கையில் இரண்டு காமிக்ஸ். ஒன்றின் அட்டையில் குதிரை, மற்றதில் துப்பாக்கி. குதிரையைக் கீழே வைத்தார். துப்பாக்கியைப் புரட்டினார். துப்பாக்கியை வைத்துவிட்டு மறுபடி குதிரையை எடுத்தார். வாரத்துக்கு ஒன்றுதான் என்று கணக்காம். புதிதாக இரண்டு வந்துவிட்டால் மனுஷன் என்னதான் செய்வார்?

ஒயர் கூடையோடு பக்கத்தில் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாத்துக்கிடுங்கம்மா. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவுக இம்புட்டு யோசிக்கல. காப்பியக் குடிச்சாக, சரின்னாக, எந்திரிச்சுப் போயிட்டாக.”

கடைக்காரர் சிரித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அதே பஸ் ஸ்டாண்டில், வாராவாரம், அப்படிக் கால் மாற்றி நின்றவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில்.

நீங்களா, என்று கேட்பீர்கள். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு டீச்சர் எழுதுகிறார், பழைய வாசகர்களுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் கூட்டி முடிப்பதற்குள் கதை ஆறிப்போகும். அப்படிப்பட்டவளைத்தான் கூட வேலை பார்த்த பெண்கள் புத்தகம் தேர்ந்தெடுக்க அனுப்பினார்கள் — என்னை விட்டால் ஆளில்லை என்று நம்பி.

அப்போது எனக்குத் திருத்தங்கலில் வேலை. வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் வேலை. ஒரு ரூமுக்கு நாலு பெண்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருவிப் போட வேண்டும். நாள் முழுக்க அதே. கை பழகிவிட்டால் புத்தி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற புத்தி என்ன செய்யும்? ஒன்று வம்பு பேசும், இல்லை அழும்.

எங்கள் ரூமில் அந்த இரண்டுக்கும் பதிலாகக் கதை கேட்டோம். ராமுத்தாய் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேரும் சேர்ந்து வாரம் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்குவோம். அவள் படங்களைக் காட்டிக் காட்டி உரக்கப் படிப்பாள். அவள் பங்குக் குழாயை மற்ற மூவரும் சுற்றிக் கொடுத்துவிடுவோம். குதிரை ஓடினால் அவள் குரலும் ஓடும். வில்லன் பேசினால், எங்கள் நாலு பேரில் வாயாடியான பொன்னம்மா கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் திட்டுவாள். அப்படி ஒரு படிப்பு.

புத்தகம் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. என் வீடு விருதுநகரில். சனிக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ராவுத்தர் கடை. நூல் கட்டி, துணி காயப்போட்ட மாதிரி, புதுப் புத்தகங்கள் தொங்கும். நான் பார்ப்பேன், ஒன்றைத் தொடுவேன். அவ்வளவுதான். ஒரு வாரம்கூட என் கை தப்பியதில்லை. “இவ கண்ணு கண்ணில்ல, காமாலைக்கு மருந்து” என்பாள் பொன்னம்மா. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் தொழில் ரகசியம் ஒன்று இருந்தது. இப்போது சொல்லலாம்.

குழாய் சுற்ற எங்களுக்கு வந்தது அச்சகங்களில் கெட்டுப்போன தாள். கலர் விலகியது, மை அப்பியது, ஒரு பக்கம் மட்டும் அடித்தது — எல்லாம் லோடு லோடாக வரும். அந்தப் பெரிய தாளை அளவு பார்த்துக் கத்தியால் கீறித் தருவது நான். மற்ற மூவரும் பார்ப்பது துண்டுகளை. முழுத்தாளைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான். புத்தகமாகிக் கடைக்கு வர எட்டுப் பத்து நாள் ஆகும். கெட்ட தாள் மறுநாளே எங்கள் ரூமுக்கு வந்துவிடும். அடுத்த வாரக் கதையில் புலி இருக்கிறதா, சண்டை இருக்கிறதா, வெறும் வாய்ப்பேச்சா... படத்திலேயே தெரிந்துவிடுமே. பிறகு சனிக்கிழமை கை எப்படித் தப்பும்?

சரி, ராமுத்தாய்க்கு வருகிறேன்.

அவள் புருஷன் சிலோனுக்குப் போய் மூன்று வருஷம். முதலில் மாதம் ஒரு காகிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கு ஒன்று. பிறகு அதுவும் நின்றது. வீட்டில் மாமியார் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் பூக்காரியிடம் மூன்று முழம் வாங்குகிற இடத்தில் இரண்டு முழம் வாங்க ஆரம்பித்திருந்தார். யாருக்குக் குறைந்தது என்று சொல்ல வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொடர்கதை வந்தது. வாரம் ஒரு பாகம், பதினாறு பக்கம். ஒரு கப்பல்காரன். கரையில் அவன் பெண்டாட்டி. மூன்றாவது பாகத்தில் புயல் அடித்துக் கப்பல் இரண்டாக உடைந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அவன் மிதக்கிற படத்தோடு — தொடரும்!

ராமுத்தாய் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: “இவன் வீடு வந்து சேந்துட்டா அவுகளும் வந்துருவாக.”

கதைப் புத்தகத்தில் போய்ச் சகுனம் பார்ப்பார்களா? பார்ப்பார்கள். பல்லியிடம் கேட்கிறோம், பூக்கட்டிப் பார்க்கிறோம். ஒரு புத்தகத்திடம் கேட்டால் என்ன?

அடுத்த வாரம் நாலாம் பாகம், அதாவது கடைசிப் பாகம், கடைக்கு வரவில்லை. அச்சே முடியவில்லை போலும். அந்த வார வியாழக்கிழமை லோடு வந்தது. கட்டைப் பிரித்தால் முதல் தாளிலேயே கப்பல்காரன்!

தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கம். மேல் வரிசை தலைகீழாய் இருக்கும், அச்சு அப்படித்தான். நேராக இருந்த கீழ் வரிசைக்கு வந்தேன். கடைசிக்கு முந்தின பக்கம்: வீட்டு வாசலில் தாடியும் மீசையுமாய்க் கப்பல்காரன் நிற்கிறான். அப்பாடா என்று அடுத்த பக்கத்துக்குக் கண்ணை நகர்த்தினேன். கடைசி மூலை. அங்கே அவன் பெண்டாட்டிக்கு வளையலை உடைக்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தி வெள்ளைச் சேலையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வந்தான். வந்து செத்தான். படத்துக்கு எழுத்து வேறு வேண்டுமா?

ராமுத்தாய் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து பசை கலக்கிக்கொண்டிருந்தாள். நான் கத்தியை எடுத்தேன். அந்தத் தாளை நாலாக, எட்டாக, பதினாறாகக் கீறினேன். அதே படம் போட்ட அடுத்த தாளையும். அதற்கடுத்ததையும். அன்றைக்கு மட்டும் என்னை மாதிரி வேலை செய்தவள் கம்பெனியிலேயே இருந்திருக்க மாட்டாள். கப்பல்காரன் குழாயாகி, வெடிமருந்து அடைக்கிற செக்‌ஷனுக்குப் போய்விட்டான்.

மறுவாரச் சனிக்கிழமை ராவுத்தர் கடையில் நாலாம் பாகம் தொங்கியது. நான் பக்கத்தில் இருந்த புலிவேட்டையைத் தொட்டேன். ராவுத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கப்பல்காரன் வந்திருக்கிறானே தாயி, என்றார். இருக்கட்டும் என்றேன். திங்கட்கிழமை ரூமில், அது இன்னும் வரவில்லை என்றேன்.

ஒரு பொய் தனியாக இருக்குமா? அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். “அச்சாபீசுல எல்லாருக்கும் அம்மையா?” என்று கேட்டாள் பொன்னம்மா.

ராமுத்தாய் புலிவேட்டையைப் படித்தாள், புலி அவள் வாயில் பூனையாகிவிட்டது. மூன்றாவது திங்கட்கிழமை அவள் வந்தபோது தலையில் பூ இல்லை. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “கதை எழுதுறவனுக்கே அவன் இருக்கானா இல்லையான்னு தெரியல போலக்கா. எனக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது?”

நான் காப்பாற்றியதாக நினைத்தேன். அவளோ பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டாள். இது என் புத்திக்கு எட்டவே இல்லை, பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை ராவுத்தர் கடைக்கு முன்னால் வெறுமனே நின்றேன். எந்தப் புத்தகத்தையும் தொடக் கை வரவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கப்பல்காரனோடு உங்களுக்கு என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். தாளைப் பார்த்தது, கடைசிப் பக்கம், ராமுத்தாய், அவள் புருஷன், பூ — எல்லாவற்றையும்.

அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. நூலிலிருந்து நாலாம் பாகத்தை உருவினார். அட்டையை வெடுக்கென்று பிய்த்து எடுத்தார். மிச்சப் புத்தகத்தை நடுவில் விரித்து, என் முன்னால் குப்புறக் கவிழ்த்தார்.

அதே படம். இடது பக்கம் வாசலில் கப்பல்காரன். வலது பக்கம் உடைகிற வளையல். தாளில் பார்த்த அதே வரிசை.

“எது முதல் பக்கம், தாயி?”

வலது பக்கத்தின் மேல் விரலை வைத்து அப்படியே மடித்தார். புத்தகம் புத்தகமாயிற்று. வளையல் உடைகிற பக்கம் முன்னால் வந்தது. வாசலில் அவன் நிற்கிற பக்கம் பின்னால் போனது... கடைசிக்கு.

கப்பல் உடைந்த சேதி கேட்டு முதலில் வளையலை உடைக்கிறார்கள். அதெல்லாம் முடிந்து, கடைசிப் பக்கத்தில் அவன் வந்து நிற்கிறான். விரித்துப் போட்ட தாளில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பக்க எண் இருந்திருக்கும். இருந்தது. எண்ணும் எனக்குத் தெரியும். படம் இருக்கும்போது எண்ணை எவள் பார்த்தாள்?

காசை நீட்டினேன். ராவுத்தர் வாங்கவில்லை. “அட்டையில்லாத புஸ்தகத்த இனி எவன் வாங்குவான்? கொண்டு போங்க தாயி” என்றார். பிய்த்தது யார் என்று நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ரூமுக்குள் நுழையும்போது புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். இந்தச் சனிக்கிழமைதான் வந்தது என்று கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியும்? என் கண்ணுக்கு இருந்த பெயரும் தப்பிக்கும். ஆனால் எதிரே அவள் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தாளே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பொன்னம்மா விடுவாளா? “அப்ப இம்புட்டு நாளா உன் கெட்டிக்காரத்தனம் அம்புட்டும் குப்பைத் தாளு போட்ட பிச்சையா?” என்றாள். ஆமாம் என்றேன். என் ஆயுசில் அவளுக்கு நான் ஆமாம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ராமுத்தாய் புத்தகத்தை வாங்கினாள். உரக்கப் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி, பொன்னம்மா கொண்டையில் இருந்த கனகாம்பரத்தில் பாதியை இணுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பொன்னம்மா தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

அத்தோடு முடிந்தது என்று நான் கத்தியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அவன் செத்தே போயிருந்தாலும் நீ கொண்டு வந்திருக்கணும்க்கா. படிக்கிறவ நானு. அழுறதா வேணாமான்னு நான்ல பாத்துக்கிடணும்?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அன்றைக்கே மறந்திருப்பேன்.

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, வளையல் உடைவதிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். நாங்கள் அவள் பங்குக் குழாயையும் எடுத்துச் சுற்றினோம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து திருத்தங்கலில் பஸ் ஏறி, அவளும் என்னோடு ராவுத்தர் கடைக்கு வந்தாள்.

அவள் புருஷன் வந்தாரா? கேட்பீர்கள் என்று தெரியும். வரவில்லை. கதை கதைதான். ஊர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. மாமியாரும் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். ராமுத்தாய் பூவை விடவில்லை. எடுக்க வேண்டிய நாள் வந்தால் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அந்த நாள் எது என்று அவளைத் தவிர யாரும் தீர்மானிக்கவில்லை.

இதெல்லாம் நினைவுக்கு வந்துதான் போன செவ்வாய்க்கிழமை முழுசாகச் சிரிக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. குதிரைப் புத்தகத்தைப் பிடுங்கி, “இத எடுத்துட்டு வாங்க, அது நல்லா இருக்காது” என்றார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். விடும்மா, படிக்கப் போவது அவர், என்றேன்.

எனக்கு இரண்டு பஸ் போனது. அந்த மனிதர் கடைசியில் குதிரையையும் எடுக்கவில்லை, துப்பாக்கியையும் எடுக்கவில்லை — மூன்றாவதாக ஒன்றை எடுத்தார்!