தட்டின் கடைசியில் ஓர் இருமல்

இன்று கிராமபோன் ஊசி வாங்க ராஜவீதிக் கடைக்குப் போனேன். போன வருஷம் காலமான தலைவரின் பேச்சு அங்கே இசைத்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அவர் கூப்பிட்டார் என்றுதான் என் மகன் வரதன் கல்லூரியை விட்டுவிட்டு அவருக்குத் தொண்டனாகப் போனான். சிறையிலிருந்து காசநோயோடு திரும்பி வந்து இறந்தான்.

கடையில் இரண்டு நெசவாளர்களுக்குள் வாக்குவாதம்.

"அந்தாளாலதாம்பா தேசமே எழுந்து நின்னுது."

"எழுந்து நின்ன புள்ளைங்க எத்தினி பேரு ஊடு திரும்பல, அத்தயும் சொல்லு."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்கம்மா. நீங்களே சொல்லுங்க, அவரு பெரிய மனுசரா, இல்லியா?"

பதில் தயாராக இருந்தது. அதற்குள் பேச்சு முடிந்து, வெறும் இரைச்சலில் யாரோ இருமினார்கள். சின்னதாக இரண்டு இருமல். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இன்னொன்று.

வரதன் குழந்தையிலிருந்தே அப்படித்தான் இருமுவான்.

"யாருப்பா அது?"

"தட்டுல பேச்சு புடிக்கசொல்ல கூட நின்ன தொண்டரு யாராச்சும் இருக்கும்மா."

தட்டை வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் ஊசியை நேராகக் கடைசியில் வைத்தால் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. பேச்சை முதலிலிருந்து முழுக்கக் கேட்டால்தான் அவன் இருமுகிறான். மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

தலைவரைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. அவரைப் புகழ்கிறவர்களும் ஏசுகிறவர்களும் நாளை மாலை பேச்சைக் கேட்க வரலாம், காப்பி தருகிறேன். பேச்சு முடிந்ததும் மட்டும் யாரும் வாய் திறக்கக்கூடாது.